எங்கள் வீட்டுப் பாகம்

முப்பத்திரண்டு வருடம் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தினேன். அத்தனை வருடத்தில் ‘ஃபாதம்’ என்கிற வினைச்சொல் பாடப் புத்தகத்தில் ஏழெட்டு முறையாவது வந்திருக்கும். ‘ஆழம் காணுதல், புரிந்துகொள்ளுதல்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் ஒரு பெண் எழுந்து, ஆழம் பார்ப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் என்ன டீச்சர் சம்பந்தம் என்று கேட்டுவிட்டாள். தெரியாது என்று சொல்ல வாத்தியார்களுக்கு வாய் வராது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, நூலகத்தில் இருந்த தடிமனான அகராதியைத் தூசி தட்டி இறக்கினேன்.

அந்தச் சொல் முதலில் அளவைக் குறிக்கவே இல்லையாம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு, அகல விரித்த இரண்டு கைகள் என்று பொருள். வினையாக வந்தால், ஒருவரைக் கைகளால் வளைத்துக் கட்டிக்கொள்வது. அப்புறம்தான் விரித்த கைகளின் அகலம் ஆறடி என்று ஓர் அளவாகியிருக்கிறது. கப்பல்காரர்கள் கயிற்றைக் கடலுக்குள் விட்டு, மேலே இழுக்கும்போது கைகளை விரித்து விரித்து எண்ணி ஆழம் கண்டிருக்கிறார்கள். ஆழம் காண்பதற்கு வந்த சொல், பிறகு ஒரு விஷயத்தின் அடிவரை போய்ப் பார்ப்பதற்கும் வந்துவிட்டது. கட்டிப்பிடிப்பதில் கிளம்பிய சொல் கயிற்றுக்கு வந்து, கடலில் இறங்கி, கடைசியில் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நம் ஊர்ப் பாகமும் அதே அளவுதான். விரித்த இரண்டு கை. மறுநாள் வகுப்பில் நான் பாதியைத்தான் சொன்னேன். மீதியையும் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். டீச்சர் அழுதால் அந்தப் பிள்ளைகள் பேரன் பேத்தி எடுக்கும்வரை அதையே பேசுவார்கள்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, சாணார்பட்டிப் பக்கம். அப்பாவும் பெரியப்பாவும் அண்ணன் தம்பி இரண்டே பேர். நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள், வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாமல் பொதுவில் விட்டுவிட்டார்கள். ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் பெரியப்பா முறை. முறை வந்தவர் கமலையில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்து வெங்காயத்துக்கும் கத்திரிக்கும் பாய்ச்சுவார். கமலையை இழுக்கிற தடித்த கயிற்றுக்கு வடம் என்று பெயர். அது தேய்ந்து போனால் புது வடம் வாங்கத் திண்டுக்கல் சந்தைக்குப் போவார்கள்.

வடத்தை எங்கள் வீட்டில் மூத்தவர்தான் அளக்க வேண்டும் என்பது வழக்கம். தாத்தாவுக்குப் பிறகு அது பெரியப்பாவின் பொறுப்பாயிற்று. அவருக்கு வலது கை முழங்கையில் கோணியிருக்கும். எவ்வளவு நீட்டினாலும் முழுக்க நீளாது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கை என்பதால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. சிலருக்கு மூக்கு நீளம், சிலருக்குக் கை கோணல், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அதனால் எங்கள் வீட்டுப் பாகம் ஊர்ப் பாகத்தைவிட ஒரு சாண் குறைவு. ஊராருக்கு ஏழு என்றால் எங்களுக்கு எட்டு. இதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. எங்கள் வடம் எட்டுப் பாகம், எங்கள் கிணற்றுக்கு அது சரியாக இருந்தது. சந்தையில் கயிற்றுக் கடைக்காரர் மட்டும் எங்களைக் கண்டால் சிரித்துக்கொண்டே, “ஊருப் பாகமா, ஒங்க வீட்டுப் பாகமா?” என்று கேட்பார். பெரியப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. நான் எங்கள் வீட்டில் சாப்பிட்டதைவிடப் பெரியம்மா கையால் சாப்பிட்டதுதான் அதிகம். பெரியப்பா கயிறு அளக்கும்போது நான் போய் அவர் வயிற்றோடு முதுகைச் சாய்த்து நின்றுகொள்வேன். ஒவ்வொரு பாகத்துக்கும் விரிந்த கைகள் திரும்பி வந்து என்மேல் மூடும். கயிற்று நார் மூக்கில் பட்டுத் தும்முவேன். ஒவ்வொரு தும்மலுக்கும் அவர் ‘நூறு’ என்று ஆயுசு சொல்லுவார். அந்தக் கணக்குப்படி நான் இன்னும் சில ஆயிரம் வருடம் இருக்க வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் மழை பொய்த்துவிட்டது. கிணற்றின் அடியில் ஒரு அண்டாத் தண்ணீர்தான் கிடந்தது. வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளடித்துக்கொண்டு வந்தது. அண்ணனும் தம்பியும் பேசி, கிணற்றை இரண்டு பாகம் ஆழப்படுத்துவது, ஆளுக்கு ஒரு பாகம் வெட்டுவது என்று முடிவு செய்தார்கள். மூத்தவர் முதலில் வெட்டினார். மேலே சுக்கான் மண், கடப்பாரைக்கு இடம் கொடுத்தது. பெரியப்பா தம்முடைய பாகத்தை முடிக்கும் இடத்தில் பாறை தட்டிவிட்டது. அப்பாவின் பாகம் முழுக்கப் பாறை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எங்கள் வீட்டுப் பூதத்தைக் கிளப்பிவிட்டவள் நான்தான்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மீட்டர் என்று ஒன்று வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் எங்கள் வாத்தியார் அடியையும் அங்குலத்தையும் விடுவதாக இல்லை. பன்னிரண்டு அங்குலம் ஓரடி, மூன்றடி ஒரு கெஜம், ஆறடி ஒரு பாகம் என்று தினமும் ஒப்பிப்போம். எனக்கு ஒரு மரத்தாலான அடிக்கோல் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் அளக்காத பொருள் வீட்டில் இல்லை. பசுமாட்டின் வாலை அளக்கப் போய் உதை வாங்கியிருக்கிறேன்.

பெரியப்பா தம் பங்கு வெட்டி முடித்த அன்று, சரிபார்ப்பதற்காக மேட்டில் நின்று ஒரு பாகம் கயிறு அளந்து முடிச்சுப் போட்டார். நான் அடிக்கோலை வைத்து அந்தக் கயிற்றை அளந்து பார்த்தேன். ஐந்தடி மூன்று அங்குலம். பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட சந்தோஷத்தில் அவரிடமே சொன்னேன், ஒங்க பாகம் தப்பு, முக்கால் அடி குறையுது என்று. அவர் என் தலையில் கை வைத்து, “நம்ம வீட்டுப் பாகம் அம்புட்டுத்தான் தாயி” என்றார்.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். முந்திரிக்கொட்டைக்கு அது முடியுமா? அன்று சாப்பிடும்போது அப்பாவிடமும் சொன்னேன். வாத்தியார் சொன்ன ஆறடியையும், நான் அளந்த அளவையும், கழித்து வந்த விடையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா என்னைப் பேசாமல் தின்னச் சொன்னாள். அப்பா சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, எத்தனை அங்குலம் என்று இன்னொரு தரம் கேட்டார். அப்பா அதுவரை என்னுடைய கணக்கை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். பத்து நாளாக அவர் அண்ணன் வெட்டிய மண்ணைக் கயிற்றில் மேலே இழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கை கொப்பளித்து உடைந்திருந்தது. வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு மண்ணும் தனக்குப் பாறையும் வாய்த்துவிட்டது என்கிற எண்ணம் அவருக்குள் ஏற்கெனவே கிடந்து புழுங்கியிருக்க வேண்டும். அதற்கு நான் ஒரு கணக்கு எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் ஒரு சாண் வயிற்றுக்காக என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு சாண் பாறைக்காக என்று ஆயிற்று.

மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரைக் கிணற்றடிக்குக் கூட்டி வந்தார் அப்பா. பெரியப்பா வெட்டத் தொடங்கிய இடத்தில் சுவரில் ஒரு கோடு கீறியிருந்தது. கோட்டிலிருந்து பெரியப்பா வெட்டி முடித்த இடம்வரை கயிறு விட்டு எடுத்தார்கள். அப்பா அதை வாங்கித் தம் இரண்டு கைகளையும் நேராக விரித்துப் பிடித்தார். ஒரு சாண் குறைந்தது. அந்த ஒரு சாண் பாறை அண்ணனைச் சேர்ந்தது, அவர்தான் வெட்டித் தர வேண்டும் என்றார் அப்பா. பெரியவர்களில் ஒருவர், அண்ணன் தம்பிக்குள் ஒரு சாண் என்ன பெரிது, ஆளுக்குப் பாதியாக வெட்டிவிட்டுப் போங்கள் என்று சமாதானம் சொன்னார்.

பெரியப்பா சத்தம் போடவில்லை. இந்தக் கிணற்றுக்கு வடம் வாங்கினாலும் வாய்க்கால் வெட்டினாலும் இருபது வருடமாக இந்தக் கை அளந்ததுதானே அளவு, இப்போது மட்டும் என்ன புதிதாக என்று கேட்டார். நிதானமாகத்தான் கேட்டார். அந்த நிதானம்தான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“கோணக்கைய வச்சு அளந்தா கோணலாத்தான் வரும். கமுக்கமா கொறச்சு அளந்துட்டு நாயம் பேசுற.”

நான் சிரித்தேன். வாய்விட்டு, நன்றாகவே சிரித்தேன். என் கணக்கு சரியென்று பெரியவர்கள் முன்னால் நிரூபணமாகிவிட்டது, அப்பா வேறு வேடிக்கையாகப் பேசிவிட்டார் என்று எனக்கு ஒரே குதூகலம். சிரித்து முடித்துச் சுற்றிலும் பார்த்தபோது வேறு யாருமே சிரித்திருக்கவில்லை. பெரியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்து போய்விட்டார். அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள்.

பெரியம்மா மட்டும் முன்னால் வந்து, அந்தக் கை எதனால் கோணலாச்சு என்று தொடங்கினாள். பெரியப்பா அவளைப் பார்த்து, “சும்மா இரு” என்றார். அவள் நின்றுவிட்டாள். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

“கொறச்சல்தான் தம்பி. நாந்தான் யோசிக்காமப் போயிட்டேன். அந்த ஒரு சாணையும் வெட்டிக் குடுத்துட்டு வாரேன்.”

அன்றைக்கே கிணற்றில் இறங்கினார். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. நேராக நீளும் இடது கையால் உளியைப் பிடித்து, கோணல் கையால் சம்மட்டியை ஓங்கினார். நல்ல கையால் அடித்தால் எளிதாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. பிறவியில் வலக்கைக்காரர் அவர், இடது கையில் அடி நிதானப்படாது என்பது எனக்குத் தெரியவில்லை. ஐந்து நாள் அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. மற்றவர்கள் பாறை அடித்தால் ஒரே சீராகக் கேட்கும். இவருடையது நின்று நின்று கேட்டது. இரண்டாம் நாள் அப்பா கிணற்று விளிம்புவரை போய், போதும் விடுண்ணே என்று சொல்லிப் பார்த்தார். உள்ளேயிருந்து உளிச் சத்தம்தான் வந்தது. அப்பா திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அதற்கு முன்பே ஒருமுறை காட்டியாயிற்று.

மூன்றாம் நாள் பெரியம்மா கம்பங்கூழ் கொண்டுபோனபோது நானும் பின்னாலேயே போனேன். பெரியப்பா மேலே ஏறி வந்து உட்கார்ந்து குடித்தார். தூக்குச் சட்டியைக் கையில் பிடிக்காமல் இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டார். வழக்கமாக என்னைக் கண்டால் கூப்பிட்டு மடியில் இடம் கொடுப்பவர், அன்று கூப்பிடவில்லை. நானாகத்தான் பக்கத்தில் போய், என்மேல் கோபமா என்று கேட்டேன்.

“ஒம்மேல எதுக்கு ஆத்தா கோவம். கணக்குச் சரியாத்தான போட்ட.”

எனக்கு நிம்மதியாகிவிட்டது. பத்து வயதில் நான் அதை ஒரு பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் அதே பெரியவர்களை அவரே போய் அழைத்து வந்தார். அப்பாவின் கையாலேயே அளக்கச் சொன்னார். ஆறடிக்கு மேல் இரண்டு விரற்கடை கூடுதலாகவே இருந்தது. சரிதானே என்று கேட்டுவிட்டு, கடப்பாரையையும் உளியையும் கழுவி வைத்தார். அடுத்த வாரம் பெரியப்பாவும் பெரியம்மாவும் நத்தத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு மாந்தோப்பில் காவலுக்கு ஆள் கேட்டிருந்தார்களாம். நிலத்தை நீயே பார்த்துக்கொள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா வேண்டாம் என்றார், போகாதே என்றார், வண்டி மறைகிறவரை கூடவே நடந்தார். பெரியப்பா சண்டைக்காரரைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, வண்டியை விட்டு இறங்கவும் இல்லை. நான் மாம்பழம் கொண்டு வரச் சொல்லிக் கத்தினேன்.

மாம்பழம் வருடா வருடம் யார் கையிலாவது கொடுத்தனுப்பப்பட்டு வந்தது. அவர் வரவில்லை. அப்பா போய்க் கூப்பிட்டால் வாரேன் தம்பி, வாரேன் என்பாராம். நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்த வருடம் அவர் இறந்துபோன தகவல்தான் வந்தது. நத்தத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அப்பா முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அம்மா என்னிடம் சொன்னாள், அவளும் கல்யாணமாகி வந்த பிறகு கேள்விப்பட்டதைத்தான்.

அப்பா நாலு வயதில், விளிம்பில் விளையாடும்போது அதே கிணற்றில் விழுந்துவிட்டார். பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. படியில் இறங்க நேரமில்லாமல் மேலேயிருந்தே குதித்திருக்கிறார். துருத்திக்கொண்டிருந்த படிக்கல்லில் அடித்து முழங்கை முறிந்துவிட்டது. இடது கையால் கல்லைப் பற்றிக்கொண்டு, முறிந்த கையால் தம்பியை நெஞ்சோடு சேர்த்து வளைத்துப் பிடித்தபடி, ஆட்கள் ஓடி வந்து கயிறு போடும்வரை தண்ணீரில் கிடந்திருக்கிறார். மேலே தூக்கிய பிறகும் அந்தக் கையைத் தம்பியிடமிருந்து பிரிக்க முடியவில்லையாம். எலும்பு கட்டிய வைத்தியர், இத்தனை நேரம் எதையும் தாங்காமல் இருந்திருந்தால் நேராகக் கூடியிருக்கும் என்றாராம். ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அன்றைக்குக் கிணற்றடியில் நின்றவர்களில் தெரியாதவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார், சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க அவருக்கு வழி இல்லை.

அம்மா சொல்லி முடித்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தது நினைவுக்கு வந்தது. அதைவிட இன்னொன்றுதான் என்னை விடவில்லை, இன்றைக்கும் விடவில்லை.

பெரியப்பா நத்தம் போன மறு மாதம் நடந்தது அது. கிணறு ஆழமாகிவிட்டதால் பழைய வடம் எட்டவில்லை. அப்பா சந்தையிலிருந்து புதுக் கயிற்றுச் சுருணை வாங்கி வந்து களத்தில் போட்டார். இப்போது அளப்பதற்கு அவரைத் தவிர வீட்டில் ஆள் இல்லை. என்னைச் சுருணையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் அடிக்கோலும் கையுமாகத் தயாராக நின்றேன்.

அப்பா கயிற்றின் முனையை எடுத்துக் கைகளை விரித்தார். இடது கை நேராக நீண்டது. வலது கை முழங்கையில் மடங்கி நின்றது. ஒன்று என்றார். மறுபடியும் விரித்தார், மறுபடியும் அதே மாதிரி மடங்கியது. இரண்டு என்றார். பெரியப்பாவைப் போல நடித்துக் காட்டி என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை. மூன்றாவது பாகத்தை நான் ஓடிப்போய்க் கோலை வைத்துப் பார்த்தேன். ஐந்தடி மூன்று அங்குலம். எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, கை கோணுது. நல்லா நீட்டுப்பா. ஆறடி வரணும்.”

அப்பா கையை நீட்டவில்லை. பிறகு, எத்தனை ஆச்சு என்று என்னிடம் கேட்டார். மூன்று என்றேன். அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, முனையைத் தேடி எடுத்து, வலது முழங்கையை மடக்கிக்கொண்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் அப்பாவுக்கு அளக்க வரவில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது.